காய்ந்த சட்டியில் சூரியகாந்தி: பலகாரக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாலை நான்கு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து, இரவு ஒன்பது வரை பஜ்ஜி, போண்டா, உளுந்து வடை என்று போட்டு இறக்கும் கடைக்கார அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,



டின் எண்ணெய் விற்க வருகிற ஏஜென்ட் பெரும்பாலும் ஒரே ஒரு எண்ணைத்தான் சொல்வார். “ஸ்மோக் பாயின்ட் இருநூத்தி முப்பதுண்ணே, எவ்வளவு வேணும்னாலும் காய வைக்கலாம்.” அவர் பொய் சொல்லவில்லை. சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் புகையத் தொடங்குவது ஏறத்தாழ 225 முதல் 230 டிகிரி செல்சியஸில்தான். வடை வேக 170, 180 டிகிரி போதும். நடுவில் ஐம்பது டிகிரி இடைவெளி இருக்கிறது. ஆனால் அந்த எண் டின்னை உடைத்துச் சட்டியில் ஊற்றிய முதல் சில நிமிடங்களுக்கு உரியது. பத்தாவது ஈட்டில் அது எங்கே நிற்கும், மறுநாள் மாலை எங்கே நிற்கும் என்பதை ஏஜென்ட் சொல்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை. இந்த எண்ணெய்க்கு வேறு குணங்களும் உண்டு. கடைக் கல்லாவையும் வாடிக்கையாளர் வயிற்றையும் தொடுகிறவை அவைதான்.

முதலில் கல்லா. ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய் தண்ணீரை விட லேசானது. ஒரு லிட்டர் பாக்கெட்டின் மேல் பெரும்பாலும் 910 கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். இந்தக் கணக்கில் ‘15 லிட்டர்’ டின்னில் இருப்பது 13 கிலோ 650 கிராம். ‘15 கிலோ’ டின்னிலோ ஏறத்தாழ 16.5 லிட்டர் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒரே தகர டின். விலை நூறு ரூபாய் குறைச்சல் என்று லிட்டர் டின்னைத் தூக்கி வருகிறவர் ஒரு கிலோவுக்கு மேல் எண்ணெயைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

இதிலேயே இன்னொரு நுணுக்கமும் உண்டு. எண்ணெய் சூடானால் விரியும். விரிந்தால் அதே ஒரு லிட்டரின் எடை குறையும். சில நிறுவனங்கள் 60 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் என்று பொடி எழுத்தில் போட்டு, குறைந்த எடையை அடைத்து விற்றதுண்டு. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதைக் கையில் எடுத்தது. லேபிளில் வெப்பநிலையைப் போடாமல் அளவையும் எடையையும் குறிப்பிட வேண்டும் என்று எண்ணெய்க் கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியது. அந்த அறிவிப்பு காட்டிய உதாரணம் சோயா எண்ணெய்: ஒரு லிட்டர் 21 டிகிரியில் 919.1 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். சூரியகாந்தியின் கணக்கும் ஏறக்குறைய இதேதான். சட்டியில் 180 டிகிரிக்குப் போகும்போது, ஊற்றிய எண்ணெய் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் பெருத்துவிடும். குளிர்ந்த எண்ணெயை விளிம்பிலிருந்து நாலு விரல் விட்டு ஊற்றச் சொல்லும் பெரியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் இல்லை. ஈர மாவு விழுந்து பொங்குகிற எண்ணெயில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள்.

சரி, அந்த டின்னுக்குள் என்னதான் இருக்கிறது?

நூறு கிராம் சூரியகாந்தி எண்ணெயை எடுத்தால், அதன் கொழுப்பு அமிலங்களில் பாதிக்கு மேல் லினோலிக் அமிலம். கோடெக்ஸ் எனப்படும் பன்னாட்டு உணவுத் தரவிதியின்படி வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் இது 48 முதல் 74 சதவீதம் வரை இருக்கலாம். அடுத்த பெரும் பங்கு ஓலியிக் அமிலம். தேங்காயெண்ணெயிலும் நெய்யிலும் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பு இதில் பத்து, பன்னிரண்டு சதவீதம்தான். லினோலிக் அமிலத்தின் கரிமச் சங்கிலியில் இரண்டு இடங்களில் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. அந்த இடங்களில் சங்கிலி மடங்கிக் கிடப்பதால் மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ள முடிவதில்லை. தேங்காயெண்ணெய் 24 டிகிரியிலேயே உறைந்துவிட, சூரியகாந்தி எண்ணெய் பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி தாண்டியும் ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான். ஊட்டியில் மார்கழிக் குளிரிலும் பாக்கெட்டைப் பிழிந்து ஊற்ற முடிகிறது.

எந்த எண்ணெயில் எத்தனை இரட்டைப் பிணைப்பு என்று அளக்க வேதியியலார் பயன்படுத்துவது அயோடின் மதிப்பு. நூறு கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை வாங்கிக்கொள்கிறது என்ற கணக்கு அது. தேங்காயெண்ணெய்க்கு 6 முதல் 11. பாமாயிலுக்கு 50 முதல் 55. கடலெண்ணெய் 90-க்கு முன்பின். நல்லெண்ணெய் 104 முதல் 120. சூரியகாந்தி 118 முதல் 141. எண் ஏற ஏற எண்ணெய் காற்றோடு சேரும் வேகமும் ஏறும். லினோலிக் அமிலத்தில் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே ஒரு பலவீனமான கரிமம் இருக்கிறது. ஆக்சிஜன் முதலில் கை வைப்பது அங்கேதான். ஓலியிக் அமிலத்தில் அப்படி ஒரு இடம் கிடையாது. அதனால் ஓலியிக்கை விட லினோலிக் பத்து மடங்கும் அதற்கு மேலும் வேகமாகக் கெடுகிறது.

ஆளிவிதை எண்ணெயின் அயோடின் மதிப்பு 170-க்கு மேல். பெயின்ட்டும் வார்னிஷும் செய்ய அதை எடுப்பது, காற்றுப் பட்டதும் அது தானே கெட்டிப்பட்டுப் படலமாகிவிடும் என்பதால். சூரியகாந்தி எண்ணெய்க்கும் அந்தக் குணம் பாதி உண்டு. தொழிலில் இதை அரைகுறையாக உலரும் எண்ணெய் என்ற வகையில் சேர்க்கிறார்கள். கடைச் சட்டியின் விளிம்பைச் சுற்றித் தேன் நிறத்தில் ஒட்டிக்கொண்டு, சோப்புக்கும் நாருக்கும் அசையாமல் கத்தியால் சுரண்ட வேண்டியிருக்கும் பிசுக்கு இருக்கிறதே, அது அழுக்கு அல்ல. எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கை கோத்துப் பிளாஸ்டிக் போல ஆன படலம் அது. அடுப்புக்குப் பின்னால் சுவரில் விரல் வைத்தால் ஒட்டுவதும் அதுவே. விளிம்பில் மெல்லிய படலமாக, காற்றும் சூடும் பட்டதால் அங்கே சீக்கிரம் நடந்துவிட்டது. சட்டிக்குள் அதே வேலை மெதுவாக நடக்கிறது.

‘ரீஃபைண்ட்’ என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். விதையை ஆலையில் பிழிந்தும், மிச்சத்தை ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்தும் எடுத்த எண்ணெயில் பிசின் இருக்கும், தனித்த கொழுப்பு அமிலம் இருக்கும், நிறம் இருக்கும், விதைத் தோலிலிருந்து வந்த மெழுகும் இருக்கும். பிசினை நீரால் பிரிக்கிறார்கள். அமிலத்தைக் காஸ்டிக் சோடாவால் சோப்பாக்கி ஒதுக்குகிறார்கள். நிறத்தை ஒருவகைக் களிமண் உறிஞ்சுகிறது. குளிரவைத்து மெழுகை வடிக்கிறார்கள். கடைசியில் வெற்றிடத்தில், 200 டிகிரிக்கு மேல், நீராவி செலுத்தி வாசனையை ஓட்டுகிறார்கள். மரச்செக்கில் ஆட்டிய எண்ணெயின் பக்கம் மனம் சாய்கிறவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பதுண்டு. ஆனால் சுத்திகரிக்காத சூரியகாந்தி எண்ணெய் 107 டிகிரி வாக்கிலேயே புகைய ஆரம்பித்துவிடும், அதில் வடை போட முடியாது. பொரிப்பதற்கு இந்தச் சுத்திகரிப்பு தேவைதான்.

புகைநிலையை உயர்த்தியது எது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். தனித்த கொழுப்பு அமிலத்தை எடுத்ததுதான் முக்கியக் காரணம். சுத்திகரித்த எண்ணெயின் அமில மதிப்பு 0.6-ஐத் தாண்டக் கூடாது என்பது கோடெக்ஸ் விதி. அப்படிப் பாடுபட்டு எடுத்த அமிலத்தைச் சட்டியில் நாமே திரும்ப உண்டாக்குகிறோம். ஊறவைத்து அரைத்த உளுந்து மாவில் பாதிக்கு மேல் தண்ணீர். அது எண்ணெயில் விழுந்ததும் ஆவியாகி வெளியேறுகிறது, ‘சொர்’ என்ற சத்தமே அதுதான். வெளியேறும் வழியில் கொஞ்சம் நீராவி எண்ணெய் மூலக்கூறையே உடைத்துக் கொழுப்பு அமிலத்தைப் பிரித்துவிடுகிறது. ஈட்டுக்கு ஈடு இந்த அமிலம் கூடும், புகைநிலை இறங்கும். நேற்று புகையாத சூட்டில் இன்று ஏன் கண் எரிகிறது என்பதற்கு விடை இதுதான். கண்ணைக் கரிக்கும் அந்தப் புகையில் அக்ரோலின் இருக்கிறது, கிளிசரால் சூட்டில் சிதைந்து உண்டாவது. அதை அதிகம் சுவாசிப்பவர் வாடிக்கையாளர் அல்லர், அடுப்பு முன்னால் நிற்பவர்.

பஜ்ஜி உப்பி வர மாவில் ஆப்பசோடா போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். சோடா காரம். அது எண்ணெயில் சேர்ந்திருக்கும் அமிலத்தோடு கூடினால் கிடைப்பது சோப்பு. சட்டியில் எண்ணெய் நுரை கட்டுவதில் இந்தச் சோப்புக்கும் பங்கு உண்டு. சட்டியைப் பவுடர் போட்டுத் தேய்த்துச் சரியாக அலசாமல் கவிழ்த்து வைத்தாலும் இதே கதைதான். புது எண்ணெயில் குமிழி பெரிதாக வந்து உடனே உடைந்து மறையும். கெட்ட எண்ணெயில் குமிழி பொடிப்பொடியாக, வடையை எடுத்த பிறகும் விளிம்பில் அடைபோல நின்றுகொண்டிருக்கும். இந்த வித்தியாசம் உங்கள் கண்ணுக்கு நன்றாகப் பழக்கம். எந்தப் புத்தகத்தை விடவும் அந்தக் கண்ணை நம்பலாம், பார்த்த பிறகு எண்ணெயை மாற்றினால்.

மாற்றாமல் இருக்கக் காரணம் காசு. அது புரிகிற காரணம்தான். ஆனால் கணக்கு சரியாக இருக்கிறதா? எண்ணெய் சூடாகும்போது மிகவும் இளகுகிறது. 180 டிகிரியில் அதன் பாகுத்தன்மை சாதாரண வெப்பநிலையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அதனால்தான் ஜல்லிக்கரண்டியில் ஒரு தட்டுத் தட்டினால் பஜ்ஜியிலிருந்து எண்ணெய் வடிந்துவிடுகிறது. பலமுறை காய்ந்த எண்ணெய், மூலக்கூறுகள் இணைந்து பெருத்ததால், அதே சூட்டிலும் தடித்தே இருக்கும். தட்டினாலும் வடியாது. போதாததற்கு, அதில் சேர்ந்திருக்கும் சோப்பும் உடைந்த துண்டுகளும் எண்ணெயை மாவோடு இன்னும் நெருக்கமாக ஒட்டவைக்கின்றன. பஜ்ஜி அதிக எண்ணெய் குடிக்கிறது. மாற்றாமல் மிச்சம் பிடித்ததாக நினைக்கிற எண்ணெயில் ஒரு பங்கு, செய்தித்தாளை நனைத்துக்கொண்டு வாடிக்கையாளர் கையோடு வெளியே போய்விடுகிறது. (அந்தச் செய்தித்தாளும் கூடாது, அச்சு மை எண்ணெயில் கரையும். அதைப் பற்றி எழுத இன்னொரு மடல் வேண்டும்.)

ஒரு விஷயத்தில் இந்தக் கெடுதலுக்கு நன்றியும் சொல்ல வேண்டும். பலகாரக் கடைப் பக்கம் போகும்போதே நாவில் நீர் ஊறவைக்கும் அந்தப் ‘பொரித்த’ மணத்தில் பெரும் பங்கு டெக்காடையீனால் என்ற பொருளுடையது. லினோலிக் அமிலம் ஆக்சிஜனேற்றத்தில் உடைந்து பிறப்பது அது. முற்றிலும் புத்தம்புது எண்ணெயில் போட்ட முதல் ஈடு கொஞ்சம் சப்பென்று இருப்பதும், இரண்டாம், மூன்றாம் ஈடு மணப்பதும் உண்மைதான். அளவு தாண்டும்போது அதே வேதிவினை சிக்கு வாடையைத் தருகிறது. கூடவே வருகிற வேறு சில ஆல்டிஹைடுகள் நாக்குக்குத் தெரியாதவை. லினோலிக் வகை அமிலங்களிலிருந்து பிறக்கும் ஹைட்ராக்சி நோனினால் என்பது உயிரணுக்களுக்கு நஞ்சாகக் கூடியது என்று ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். அதை மணமோ நிறமோ காட்டிக் கொடுக்காது.

பாக்கெட்டில் ‘வைட்டமின் ஈ நிறைந்தது’ என்று போட்டிருப்பது உண்மை. நூறு கிராமில் ஏறத்தாழ 41 மில்லிகிராம், சமையல் எண்ணெய்களில் இது உயர்ந்த அளவு. ஆனால் எண்ணெய்க்குள் அதன் வேலை காவல் காப்பது. ஆக்சிஜன் தாக்க வரும்போது முதலில் அழிவது அதுதான். சூரியகாந்தியில் இருப்பது பெரும்பாலும் ஆல்ஃபா வகை, பொரிக்கும் சூட்டில் காவலுக்குச் சற்று இளைத்த வகை. செறிவூட்டிய எண்ணெயில் சேர்க்கும் வைட்டமின் ஏ-யும் திரும்பத் திரும்பக் காய்ந்தால் தேய்ந்துவிடும். ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்ற வரிக்குத் தனி மதிப்பு எதுவும் இல்லை, பேர் சொல்லும்படியான கொலஸ்ட்ரால் எந்தத் தாவர எண்ணெயிலும் கிடையாது. ‘லைட்’ என்பது நிறத்துக்கும் மணத்துக்கும் பொருந்தும், கலோரிக்கு அல்ல. எல்லா எண்ணெயும் கிராமுக்கு ஒன்பது கலோரிதான்.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபோது டின் விலை எகிறியது நினைவிருக்கும். இந்தியா பயன்படுத்தும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி கருங்கடல் துறைமுகங்கள் வழியாக வருகிறது. அதுவரை முதலிடத்தில் இருந்தது உக்ரைன். பாமாயிலுக்கு மாறலாம் என்று பார்த்தால், ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்களுக்கு நிறுத்தியது. இத்தகைய நேரங்களில்தான் கலப்படம் தலைதூக்கும். சட்டப்படி இரண்டு எண்ணெய்களைக் கலந்து விற்கலாம், ஒவ்வொன்றும் குறைந்தது 20 சதவீதம் இருக்க வேண்டும், லேபிளில் சொல்ல வேண்டும். சொல்லாமல் கலப்பதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம்தான் வழி. ஆனாலும் சந்தேகம் வந்தால் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் எண்ணெயை ஊற்றி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இரவு முழுக்க வைத்துப் பார்க்கலாம். மெழுகு நீக்கிய நல்ல சூரியகாந்தி எண்ணெய் தெளிவாகவே இருக்கும். லேசாக மங்கினால் மெழுகு சரியாக வடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அடியில் வெள்ளையாகக் கட்டிப் படிந்தால் டின்காரரிடம் கேள்வி கேட்கலாம்.

அப்படியானால் பொரிக்க எதைத்தான் வாங்குவது? வினோதம் என்னவென்றால், விடை சூரியகாந்தியிலேயே இருக்கிறது. இந்தியாவில் சூரியகாந்தியை எண்ணெய்க்காகப் பயிரிடத் தொடங்கியது 1969-ல் சோவியத் நாட்டிலிருந்து வந்த ரகங்களைக் கொண்டு. அந்த நாட்டின் கிராஸ்னதார் நகர ஆராய்ச்சி நிலையத்தில்தான் புஸ்தவோய்த் என்ற விஞ்ஞானி, விதையின் எண்ணெய் அளவைப் பல ஆண்டுகள் தெரிவு செய்து தெரிவு செய்து ஐம்பது சதவீதம் வரை கொண்டுவந்தார். அதே நிலையத்தில் 1970-களில் சொல்தாத்தோவ் என்பவர் விதைகளை ஒரு ரசாயனத்தில் நனைத்துத் திடீர் மாற்றம் உண்டாக்கி, ‘பெர்வெனெத்ஸ்’ என்ற ரகத்தைப் பிரித்தெடுத்தார். அதில் லினோலிக் சுருங்கி, ஓலியிக் ஓங்கியிருந்தது. இன்று உலகில் விற்கும் உயர் ஓலியிக் சூரியகாந்திக்கு மூதாதை அது. அந்த எண்ணெயில் ஓலியிக் 75 சதவீதத்துக்கு மேல், அயோடின் மதிப்பு 78 முதல் 90. பல நாடுகளில் சிப்ஸ் ஆலைகள் இதைத்தான் விரும்பி வாங்குகின்றன. நம்மூர் மளிகைக் கடையில் இது எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை அதிகம். பெயர் ஒன்றே என்பதால் வழக்கமான டின்னை அந்த எண்ணெய் என்று நினைத்துவிடக் கூடாது.

கைக்கு எட்டும் எண்ணெய்களில், நீண்ட நேரம் பொரிக்கச் சூரியகாந்தியை விடக் கடலெண்ணெய் தாக்குப்பிடிக்கும். பாமாயில் இன்னும் தாக்குப்பிடிக்கும். அதை ஏழை எண்ணெய் என்று ஏளனம் செய்கிறவர்கள் சட்டிக்குள் நடப்பதைப் பார்க்காதவர்கள். ஆனால் அதில் பாதியளவு நிறைவுற்ற கொழுப்பு இருப்பதால், தினமும் அதில் பொரித்ததையே தின்கிறவருக்கு இதயக் கவலை உண்டு. வழக்கமான சூரியகாந்தியின் சரியான இடம் தாளிப்பும் பொரியலும் தோசைக்கல்லும். ஒருமுறை சூடாகி, சாப்பாட்டோடு தீர்ந்துவிடும் இடம். அதில் பொரித்தே ஆக வேண்டும் என்றால், சின்னச் சட்டியில், ஒரு மாலைக்குத் தேவையானதை மட்டும் ஊற்றி, அன்றே தீர்ப்பது நல்லது.

ஈடு முடிந்து அடுத்த ஈடு வரும் வரை அடுப்பைத் தணிக்கலாம். ஆளில்லாத நேரத்தில் 180 டிகிரியில் சும்மா காயும் எண்ணெய், வடை போடாமலே கெட்டுக்கொண்டிருக்கிறது. உதிர்ந்த பூந்தியையும் கருகிய வெங்காயத்தையும் ஜல்லிக்கரண்டியில் அவ்வப்போது அள்ளிவிட வேண்டும். இரும்பும் செம்பும் எண்ணெய் கெடுவதைத் துரிதப்படுத்தும், எனவே ஈயம் பூசாத பித்தளைச் சட்டி வேண்டாம். மீந்ததைச் சட்டியிலேயே மூடி வைக்காமல், ஆறியதும் வடிகட்டி மூடியுள்ள எவர்சில்வர் தூக்கில் வைப்பது மேல். நேற்றைய அரைச் சட்டியின் மேல் இன்றைய அரைச் சட்டியை ஊற்றினால், பழையதில் ஏற்கெனவே ஆக்சிஜன் சேர்ந்து உண்டான பெராக்சைடுகள் புதியதையும் உடனே இழுத்துக்கொண்டு போகும்.

சட்டமும் ஓர் எல்லை வைத்திருக்கிறது. பொரித்த எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்களை மொத்தமாக அளப்பது ‘மொத்த முனைவுச் சேர்மங்கள்’ என்ற கணக்கு. 2018 ஜூலை முதல் இது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது. உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் கொண்டுவரும் கையடக்கக் கருவியின் நுனியை எண்ணெயில் முக்கினால் சில நொடிகளில் எண் தெரியும். ஒரு நாளைக்கு ஐம்பது லிட்டருக்கு மேல் பொரிக்க எண்ணெய் எடுக்கும் பெரிய உணவகங்கள் இதற்குக் கணக்கேடு வைக்க வேண்டும். தெருவோரக் கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை, 25 சதவீத எல்லை மட்டும் எல்லோருக்கும் ஒன்றே.

பயன்படுத்திய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்ற வேண்டியதில்லை. அதே 2018 ஆகஸ்டில் தொடங்கிய ரூக்கோ திட்டத்தின் கீழ், அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர்கள் அதை விலை கொடுத்து வாங்கி பயோடீசல் செய்யும் ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். அளவு கொஞ்சம்தான் என்றால் பக்கத்துக் கடைகளோடு சேர்ந்து ஒரே கேனில் சேர்த்துக் கொடுக்கலாம். வாங்க வருகிறவரிடம் அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லி, எத்தனை லிட்டர் என்று ரசீது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழ் காட்டாமல் கூடுதலாக இரண்டு ரூபாய் தருகிறேன் என்பவர் கொண்டுபோகும் எண்ணெய், வடிகட்டி, நிறம் மாற்றப்பட்டு, அடுத்த பேட்டையின் சட்டிக்குள் மலிவு விலையில் இறங்க வாய்ப்பு உண்டு.

இப்படிக்கு,
மாலை வேளை வாடிக்கையாளர் ஒருவர்